காற்று தள்ளும் குப்பிகள்: ஹைப்பர்லூப் தோற்றது, மற்றவை எப்படி நிலைத்தன?

1. சுழல்காற்று

வணக்கம் நண்பர்களே. காற்றைப் பெரும்பாலும் எடுத்துவிட்ட குழாய்க்குள் ஆட்களைக் குப்பியில் உட்காரவைத்து அனுப்பும் திட்டம்தான் ஹைப்பர்லூப். 2013 ஆகஸ்டில் அதன் அறிக்கை வெளிவந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அச்செடுத்து விடுதி அறையில் விடிய விடிய படித்தேன். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு 35 நிமிடம். உச்ச வேகம் மணிக்கு 1,220 கி.மீ. ஒரு குப்பிக்குள் 28 பேர். மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்கு வேறென்ன வேண்டும்?

அந்தத் துறையில் முன்னால் நின்ற ஹைப்பர்லூப் ஒன் நிறுவனம் 2023 டிசம்பரோடு கடையைச் சாத்திவிட்டது. 2020 நவம்பரில் நெவாடாவில் 500 மீட்டர் சோதனைக் குழாயில் இரண்டு பேரை உட்காரவைத்து மணிக்கு 172 கி.மீ. வேகம் காட்டினார்கள். பல சாதாரண விரைவு ரயில்களே அந்த வேகத்தைத் தொடுகின்றன.

எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. குப்பி, குழாய், காற்று என்ற சேர்க்கையே சரிப்படாதா, இல்லை நாம் தவறான அளவில் முயன்றோமா? குப்பியும் காற்றும் சேர்ந்து உண்மையிலேயே உழைக்கிற கண்டுபிடிப்புகள் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கேள்விப்பட்டதைவிட, கையால் தொட்டுப் பார்த்தது என்றால் இன்னும் நல்லது.

2. பழையதபால்

தம்பி, இந்த ஆசைக்கு வயது அதிகம். தபால் துறையில் இருந்தவன் என்பதால் எனக்கு இந்தக் குழாய்களின் மேல் தனிப் பிரியம் உண்டு.

பாரீஸில் 1866-இல் தொடங்கிய குழாய்த் தபால் 1984 வரை ஓடியது. உச்சத்தில், 1934-இல், நகரத்தின் அடியில் 467 கி.மீ. குழாய். கடிதத்தை உருளை வடிவக் குப்பியில் போட்டு, பின்னாலிருந்து அழுத்தமும் முன்னாலிருந்து உறிஞ்சலும் கொடுத்து அனுப்புவார்கள். ப்ராகில் இருந்த குழாய்த் தபால் 2002 வெள்ளத்தில்தான் நின்றது. கடிதத்துக்கு இந்த முறை நூறு வருடத்துக்கு மேல் சோறு போட்டிருக்கிறது.

மனிதனை ஏற்றியபோதுதான் சிக்கல். 1870-இல் ஆல்ஃபிரட் பீச் நியூயார்க் பிராட்வேயின் அடியில் ஏறத்தாழ 95 மீட்டர் சுரங்கம் தோண்டி, ஒரே ஒரு பெட்டியைப் பெரிய விசிறியால் ஊதித் தள்ளிக் காட்டினார். மக்கள் காசு கொடுத்து ஏறினார்கள். நீட்டிக்க முடியவில்லை, 1873-இல் மூடிவிட்டார்கள்.

அதற்கும் முன்னால் இங்கிலாந்தில் பெரிய பொறியாளரான ப்ரூனெல் கட்டிய சவுத் டெவன் ரயிலைப் படித்துப் பாருங்கள். தண்டவாளங்களுக்கு நடுவே ஓர் இரும்புக் குழாய். குழாயின் மேல்புறம் நீளவாக்கில் ஒரு பிளவு. ரயிலின் அடியிலிருந்து ஒரு கை அந்தப் பிளவு வழியாக இறங்கி உள்ளே இருக்கும் பிஸ்டனைப் பிடித்திருக்கும். பிஸ்டனுக்கு முன்னால் காற்றை உறிஞ்சிவிட்டால் வெளிக்காற்றே ரயிலைத் தள்ளும். அந்தப் பிளவை மூடியது ஒரு தோல் பட்டை. கை கடந்து போகும்போது பட்டை தூக்கிக்கொடுத்து, உடனே திரும்ப அமுங்கி ஒட்ட வேண்டும். வழி நெடுக, ஒவ்வொரு ரயிலுக்கும். தோல் காய்ந்தது, குளிரில் விறைத்தது, ஒட்ட மறுத்தது. 1847 செப்டம்பரில் தொடங்கிய ஓட்டம் 1848 செப்டம்பரில் முடிந்தது.

ப்ரூனெல் சாதாரண ஆள் இல்லை. அவரையே ஒரு தோல் பட்டை தோற்கடித்தது.

3. பம்புக்காரன்

பழையதபால் ஐயா சொன்ன தோல் பட்டைதான் விஷயமே. நான் இருபது வருடமாக வேக்குவம் பம்பு சர்வீஸில் இருக்கிறேன். ஹைப்பர்லூப் பற்றிப் பேசுகிறவர்கள் குப்பியின் வடிவத்தையே பேசுவார்கள். என் கண் மூட்டுகளின் மேல் போகும்.

முதலில், காற்றை ஏன் எடுக்கிறார்கள்? குறுகலான குழாய்க்குள் வேகமாக ஓடும் குப்பி, சைக்கிள் பம்பின் தண்டு மாதிரி. முன்னால் இருக்கிற காற்று பக்கவாட்டு இடைவெளி வழியாகப் பின்னால் போக வேண்டும். ஒரு வேகத்துக்கு மேல் அந்த இடைவெளியில் காற்று அடைத்துக்கொள்ளும். கான்ட்ரோவிட்ஸ் எல்லை என்பார்கள். அதன் பிறகு குப்பி தனக்கு முன்னால் இருக்கிற காற்றுத் தூணையே தள்ளிக்கொண்டு போகிற கதைதான்.

2013 அறிக்கையின் அழகு எனக்கும் பிடிக்கும். காற்றை முழுக்க எடுக்காமல் ஆயிரத்தில் ஒரு பங்கை, அதாவது 100 பாஸ்கலை, விட்டுவைத்தார்கள். குப்பியின் மூக்கில் ஒரு கம்ப்ரஸர். முன்னால் சேரும் காற்றை அது உறிஞ்சிப் பின்னால் தள்ளும், கொஞ்சத்தை அடியில் ஊதி அந்த மெத்தையின் மேலேயே குப்பியை மிதக்கவிடும். எதிரியையே கூலிக்கு வைத்துக்கொள்கிற யோசனை. ஆனால் அந்தக் காற்று மெத்தையின் தடிமன் 0.5 முதல் 1.3 மி.மீ. வெல்டிங் செய்த குழாயில், வெயிலிலும் குளிரிலும் நெளிகிற தூண்களின் மேல், அந்த வேகத்தில், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. பின்னால் வந்த குழுக்களில் பெரும்பாலோர் காந்த மிதப்புக்கு மாறிவிட்டார்கள். ஹைப்பர்லூப்பில் காற்று செய்ய இருந்த ஒரே உருப்படியான வேலையும் அதோடு போயிற்று.

அடுத்து எடை. வெளிக்காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 டன் அழுத்தும். அந்தத் திட்டத்தில் பயணிகள் குழாயின் உள்விட்டம் 2.23 மீட்டர். அதன் முனையில் ஒரு கதவு வைத்தால் அந்தக் கதவின் மேல் 40 டன் வரை அழுத்தம் இருக்கும். சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு குப்பி, நெரிசல் நேரத்தில் 30 நொடிக்கு ஒன்று என்று போட்டிருந்தார்கள். அப்படியானால் அந்தக் கதவு எத்தனை தடவை திறந்து மூட வேண்டும், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு காற்றை வெளியேற்ற வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். என் தொழிலில் கேட் வால்வின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி விழுந்தாலே பம்பு மூச்சுவாங்கும். முடியை எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, கிரீஸ் தடவித் திரும்பப் பூட்டும் வரை அழுத்தம் இறங்காது. இது ஒரு கை அகல வால்வுக்கு.

அப்புறம் வெப்பம். எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 12 மைக்ரோமீட்டர் நீளும். கேட்க அற்பம். 500 கி.மீ. குழாய்க்கு 30 டிகிரி வேறுபாடு வந்தால் 180 மீட்டர்.

4. சுழல்காற்று

அண்ணா, நீளும் பிரச்சினையை அறிக்கையிலேயே யோசித்திருந்தார்களே. குழாயைத் தூண்களோடு இறுக்கிப் பிணைக்காமல் சறுக்கவிட்டு, முனை நிலையங்களில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய் வைப்பதாக. தவிர, லைகோவைப் பாருங்கள். ஈர்ப்பலை ஆய்வகத்தில் 4 கி.மீ. நீளக் கைகள், 1.2 மீட்டர் விட்டம், ஹைப்பர்லூப் கனவில்கூட காணாத அளவு வெற்றிடம். அது பல வருடமாக நிற்கிறதே?

5. பம்புக்காரன்

நல்ல கேள்வி தம்பி. லைகோவின் மேல் எனக்கு மரியாதை அதிகம். அதன் குழாயிலிருந்து காற்றை எடுக்கவே 40 நாள் ஆனது. எடுத்த பிறகு யாரும் அதைத் திறப்பதில்லை, உள்ளே ஒளியைத் தவிர எதுவும் ஓடுவதில்லை. குழாயைச் சுற்றிக் கான்கிரீட் கூரை போட்டு வெயில் படாமல் வைத்திருக்கிறார்கள். வெற்றிடத்தை அமைதியாக வைத்திருக்க நமக்குத் தெரியும். அதற்குள் நாள் முழுக்க வாசல் திறந்து ஆள் ஏற்றி இறக்க இன்னும் தெரியாது.

முனையில் சறுக்கும் குழாயும் ஒரு சீல்தான். நூறு மீட்டர் கணக்கில் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே காற்றுப் புகாமல் இருக்க வேண்டிய சீல். ப்ரூனெலின் தோல் பட்டையை நீங்கள் வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவே.

6. நிலவுநேசன்

உள்ளே உட்காரும் ஆளைப் பற்றி யாரும் பேசவில்லையே. 100 பாஸ்கல் என்பது 45 கி.மீ. உயரத்துக்கு மேலே இருக்கிற அழுத்தம். விமானம் பறப்பது 11, 12 கி.மீ.யில். அங்கே முகமூடி மாட்டினால் பிழைக்கலாம். இங்கே குப்பியின் காற்று முழுக்கப் போய்விட்டால் முகமூடி உதவாது, பத்துப் பதினைந்து நொடியில் நினைவு தப்பிவிடும்.

சோவியத் விண்கலமான சோயுஸ் 11-ஐ நான் மறப்பதே இல்லை. 1971 ஜூன் 30. திரும்பி வரும் குப்பியில் ஒரு சின்ன காற்று வால்வு. தரைக்குச் சில கி.மீ. உயரத்தில் திறக்க வேண்டியது, 168 கி.மீ. உயரத்திலேயே திறந்துகொண்டது. டோப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயெவ் மூவரும் போய்விட்டார்கள். குப்பி குறித்தபடியே பாராசூட்டில் இறங்கியது. கதவைத் திறந்த மீட்புக் குழுவுக்குத்தான் தெரிந்தது. மூன்று பேர் உட்கார வேண்டும் என்பதற்காக அழுத்த உடை இல்லாமல் அனுப்பியிருந்தார்கள். அதன் பிறகு உடை கட்டாயம் ஆனது, பல வருடங்கள் இரண்டு பேர்தான் போனார்கள்.

ரயிலில் போகிறவருக்கு அழுத்த உடை மாட்டிவிட முடியுமா?

7. லேப்செல்வி

எல்லாரும் தோற்றதையே எழுதுகிறீர்கள். ஓடுகிற ஒன்றைச் சொல்கிறேன். இதைத் தட்டும்போதுகூட என் பின்னால் ஒரு கேரியர் (எங்கள் குப்பிக்கு அதுதான் பெயர்) "டப்" என்று வந்து விழுந்தது.

நான் மருத்துவமனை லேபில் டெக்னீஷியன். எங்கள் கட்டடம் முழுக்க காற்றுக் குழாய் உண்டு. வார்டில் நர்ஸ் ரத்த சாம்பிளைப் பையில் போட்டு, கேரியருக்குள் வைத்து, எண்ணை அழுத்தினால் போதும். கீழ்த்தளத்தில் ஒரே ஒரு ப்ளோயர். ஒரு பக்கம் ஊதும், மறுபக்கம் உறிஞ்சும். வழியில் திசை மாற்றும் பெட்டிகள். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வரும். ரத்தப் பை மாதிரி மென்மையானவற்றுக்குப் பாதி வேகம் வைத்துக்கொள்ளலாம். வந்து சேரும் முன்பு கேரியருக்கு முன்னால் காற்று அடைபட்டு மெத்தை மாதிரி தாங்கும், வேகம் குறையும்.

பம்புக்காரன் அண்ணாவுக்காக ஒரு விஷயம். கேரியரின் இரண்டு முனையிலும் ஃபெல்ட் துணியில் ஒரு வளையம் இருக்கும். குழாய்ச் சுவரை உரசிக்கொண்டே வருவது அதுதான். புதிதாக இருக்கும்போது விரலால் தடவினால் கம்பளி மாதிரி நிற்கும். தேயத் தேய வழவழப்பாகி, ஓரம் நூல் நூலாகப் பிரியும். அந்த நிலை வந்தால் காற்று பக்கவாட்டில் நழுவி கேரியர் மந்தமாகும், சில நேரம் வளைவில் நின்றே போகும். மாதாமாதம் கேரியர்களை வரிசையாக அடுக்கி நாங்களே வளையம் மாற்றுவோம். ஒரு கேரியருக்கு ஐந்து நிமிடம். உங்கள் ப்ரூனெலுக்குக் கிடைக்காதது இந்த வசதிதான்: சீல் வழி நெடுக இல்லை, குப்பியோடு வருகிறது, மேசையில் வைத்துக் கழற்றலாம்.

8. பழையதபால்

அம்மா, கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். பாரீஸ் குழாய் நூறு வருடம் ஓடியதற்கும் காரணம் இதுவே. குப்பி கெட்டால் வேறு குப்பி. மாட்டிக்கொண்டால் உள்ளே கடிதம்தானே, காத்திருக்கும்.

9. சுழல்காற்று

செல்வி அக்கா, ரத்தம் காத்திருக்குமா? அவ்வளவு வேகத்தில் உலுக்கினால் கெடாதா?

10. லேப்செல்வி

கெடலாம். குழாய் போட்ட புதிதில் எங்களுக்கு அதுதான் பெரிய பயம். சிவப்பணுக்கள் உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்துவிடும். நோயாளிக்கு ஒன்றும் இல்லாமலே ரிப்போர்ட்டில் பொட்டாசியம் ஏறிக் காட்டும். மருத்துவர் அதை நம்பி மருந்து கொடுத்தால்?

அதனால் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இரண்டு குழல் ரத்தம் எடுத்து, ஒன்றைக் குழாயிலும் மற்றதைக் கையிலும் கொண்டுவந்து ஒப்பிட்டோம். ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் தனித்தனியாக. ஒரு நிலையத்திலிருந்து வந்தவற்றில் மட்டும், அணுக்களைப் பிரித்த பிறகு மேலே நிற்கும் தெளிநீர் லேசாகச் சிவந்திருந்தது. போய்ப் பார்த்தால், அங்கே ஸ்பாஞ்ச் இல்லாத பழைய கேரியரில் குழல்களைத் தளர்வாகப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஸ்பாஞ்ச் வைத்த பிறகு சரியாயிற்று. தட்டணுக்களின் செயல்பாட்டைப் பார்க்கும் சாம்பிளை இன்றும் கையில்தான் வாங்குகிறோம்.

இன்னொன்று, இந்த இழைக்கே பொருத்தமானது. தமனி ரத்தத்தில் ஆக்ஸிஜன் பார்க்கும் ஏபிஜி சிரிஞ்ச். அதற்குள் கடுகளவு காற்றுக் குமிழி தங்கிவிட்டால், குழாயின் அழுத்த மாற்றமும் குலுக்கலும் அந்தக் குமிழியை ரத்தத்தோடு நன்றாகக் கலந்துவிடும். மூச்சுத் திணறுகிறவரின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் உண்மையில் குறைவாக இருக்கும். குமிழியில் இருப்பதோ அறைக் காற்று. விடை பொய்யாக உயர்ந்து, "பரவாயில்லை" என்று காட்டும். எனவே புதிதாக வரும் நர்ஸ்களுக்கு நான் சொல்வது: சிரிஞ்சை நிமிர்த்திப் பிடி, தட்டு, குமிழியை வெளியேற்று, மூடியைப் போடு. அப்படிச் செய்ய நேரம் இல்லையென்றால் கையில் கொண்டு வா.

11. தேன்மொழி

படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது எழுதத் தோன்றுகிறது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். நான் தினமும் பயன்படுத்துவதும் ஒரு குப்பி, ஒரு குழாய், கொஞ்சம் காற்று. கேப்ஸ்யூல் போடும் இன்ஹேலர்.

இதன் முன்னோடி 1960களில் வந்த ஸ்பின்ஹேலர். ரோஜர் அல்டூனியன் என்ற மருத்துவர் உருவாக்கியது. அவருக்கே ஆஸ்துமா. தனக்கே இளைப்பை வரவழைத்துக்கொண்டு மருந்துகளைத் தன் மேலேயே சோதித்தவர். போர்க்கால விமானி என்பதால் கருவிக்குள் ஒரு குட்டி ப்ரொப்பெல்லர் வைத்தார். மூச்சை இழுத்தால் அது சுழலும், கேப்ஸ்யூல் சேர்ந்து சுழலும், பொடி சிதறி வெளியே வரும்.

இப்போது இருப்பவற்றில் பலவற்றில் ப்ரொப்பெல்லர் இல்லை. பொத்தானை அழுத்தினால் ஊசி கேப்ஸ்யூலில் துளை போடும். இழுக்கும்போது கேப்ஸ்யூல் உள்ளே அதிர்ந்து "கிர்ர்ர்" என்று சத்தம் வரும். சத்தம் வரவில்லை என்றால் மருந்து போகவில்லை. மோட்டார் கிடையாது, வாயு கிடையாது. காற்றைத் தருவது நோயாளியின் மூச்சு. பொடித்துகள் 1 முதல் 5 மைக்ரான் இருந்தால்தான் நுரையீரலின் ஆழத்துக்குப் போகும். பெரிதாக இருந்தால் தொண்டையிலேயே ஒட்டிவிடும். அவ்வளவு நுண்ணிய பொடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் லாக்டோஸ் துகள்களின் மேல் ஏற்றி வைத்திருப்பார்கள். வேகமாக இழுத்தால்தான் அது பிரியும்.

இங்கேயும் எதிரி அதே காற்றுதான், ஈரக் காற்று. கருவிக்குள் மூச்சை விட்டால் பொடி கட்டிப்படும். ஆகவே முகத்தைத் திருப்பி மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டை இறுக்கி மூடி, வேகமாக ஆழமாக இழுத்து, பத்து நொடி அடக்க வேண்டும். பிறகு திறந்து பாருங்கள். பொடி மிச்சம் இருந்தால் இன்னொரு இழுப்பு. கேப்ஸ்யூலை முன்கூட்டியே பிரித்து வைக்கக் கூடாது. கேப்ஸ்யூல் என்றதும் தண்ணீரோடு விழுங்கிவிடுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2008-இல் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்காகவே எச்சரிக்கை விட்டது. விழுங்கினால் நுரையீரலுக்கு ஒன்றும் போகாது.

12. நிலவுநேசன்

விழுங்க வேண்டிய கேப்ஸ்யூலும் இருக்கிறது. 2001-இல் அனுமதி பெற்ற கேமரா கேப்ஸ்யூல், 26 மி.மீ. நீளம், 11 மி.மீ. விட்டம். எண்டோஸ்கோப்பி குழாயில் காற்றை ஊதி வயிற்றை உப்பவைத்துப் பார்ப்பார்கள். இதற்குக் காற்றே வேண்டாம், ஒட்டிக் கிடக்கும் சிறுகுடலின் அசைவிலேயே நகர்ந்து படம் எடுக்கும்.

அதைவிட எனக்குப் பிடித்தது மெல்போர்ன் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தில் செய்த வாயு கேப்ஸ்யூல். குடலுக்குள் போகும்போதே ஆக்ஸிஜன், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்ஸைடு அளவை வெளியே அனுப்பும். 2018-இல் மனிதர்களிடம் சோதித்த முடிவுகளை வெளியிட்டார்கள். ஆக்ஸிஜன் குறைந்துகொண்டே போவதை வைத்துக் குப்பி எந்தப் பகுதியில் இருக்கிறது என்றே சொல்கிறார்கள்.

13. பம்புக்காரன்

தேன்மொழி அம்மா, ஈரம்தான் எதிரி என்று எழுதினீர்களே, என் பட்டறையில் எண்ணெய் பம்புகளுக்கும் அதே வியாதி. நீராவி உள்ளே போய் எண்ணெய் பால் மாதிரி வெளுத்துவிடும். அப்போது கொஞ்சம் வெளிக்காற்றை வேண்டுமென்றே உள்ளே விட்டு ஓட்டுவோம். அந்த நீராவியைத் தள்ளிக்கொண்டு வெளியேறக் காற்று வேண்டும். உங்கள் பதிவைப் படித்ததும் அது நினைவுக்கு வந்தது.

சுழல்காற்று தம்பி, உன் கனவை நான் கெடுத்ததாக நினைக்காதே. யாராவது அந்தக் கதவையும் சீலையும் செய்துகாட்டினால் முதலில் போய்ப் பார்ப்பது நானாக இருக்கும்.

14. சுழல்காற்று

அண்ணா, கெடுக்கவில்லை. பத்து வருடமாகக் குப்பியையே வரைந்துகொண்டிருந்தேன், ஒரு நாளும் கதவை வரைந்ததில்லை. இந்த வாரம் அந்த 2.23 மீட்டர் கதவுக்கு ஒரு வரைபடம் போட்டுப் பார்க்கிறேன். ரப்பர் வளையம் எங்கே உட்கார வேண்டும் என்பதிலேயே இப்போதைக்கு நிற்கிறது. முடிந்ததும் இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

தேன்மொழி, உங்களுக்குத் தனியாக ஒன்று. அப்பா நான்கு வருடமாக அதே மாதிரி இன்ஹேலர் பயன்படுத்துகிறார். உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று இரவு பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். கருவியை வாயில் வைத்துக்கொண்டே மூச்சை விட்டார், பிறகு டீ உறிஞ்சுகிற மாதிரி மெதுவாக இழுத்தார். சத்தமே வரவில்லை. திறந்து பார்த்தால் கேப்ஸ்யூலில் பாதிக்கு மேல் பொடி அப்படியே இருக்கிறது. "தினமும் இப்படித்தான் மிச்சம் இருக்கும், தூக்கிப் போட்டுவிடுவேன்" என்றார்.

நீங்கள் எழுதியபடி முகத்தைத் திருப்பி மூச்சை விடச் சொன்னேன். உதட்டை மூடி வேகமாக இழுக்கச் சொன்னேன். முதல் தடவை இருமல் வந்தது. இரண்டாவது தடவை "கிர்ர்ர்" என்று கேட்டது. அப்பா கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, "இது இப்படியெல்லாம் சத்தம் போடுமா?" என்று கேட்டார். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கருவியையும் எடுத்துப் போய் அவர் முன்னாலேயே இழுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.